பாடம் நமது, பூட்டு எவரது?

நெய்வேலியில் 1961-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டபோது, அதன் மேற்கிடந்த மண்ணை அகழ்ந்த வாளியுருளைப் பொறிகள் மேற்குச் செர்மனியிலிருந்து வந்தவை. அகழ்ந்த கரியை எரிக்க 1962-இல் இயங்கத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையமோ சோவியத்து நாட்டின் துணையால் எழுந்தது. அவ்விரு நாடுகளும் அன்று ஒன்றையொன்று பகையென நோக்கியவை. எனினும் செர்மானியப் பொறி அகழ்ந்த கரியைச் சோவியத்துக் கொதிகலன் மறுக்கவில்லை. அது ஈன்ற மின்னாற்றல் நொடிக்கு 50 சுழற்சி என்னும் பொது அளவில் ஓடியமையால், எவ்வூர் விளக்கும் அதனை ஏற்றது. அந்நிலையம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. 50 சுழற்சி இன்றும் உள்ளது.

இத்தகைய பொது அளவையே செந்தரம் என்கிறோம். திருகாணிக்கும் மின்கம்பிக்கும் செந்தரம் கேட்கும் தமிழர், தம் பிள்ளைகள் கணினியில் கற்கும் பாடத்திற்கு அதனைக் கேட்டதுண்டா?

சில ஆண்டுகட்கு முன் யானும் உடனாசிரியர் மூவரும் யாப்பிலக்கணப் பயிற்சிகள் நாற்பது செய்தோம். மாணாக்கன் ஒரு சீரை விரலால் தொட்டு நேர், நிரை எனப் பிரிப்பான். பிழைத்தால், பிழைத்த அசை சிவந்து காட்டும். வெண்பா என்றாலே ஓடி ஒளியும் பிள்ளைகள் அவற்றை விளையாட்டாகவே கற்றனர். ஒரு தனியார் நிறுவனத்தின் கற்றல் மேடையில் அவை ஏற்றப்பட்டன. ஒப்பந்தம் முடிந்தது. பாடங்களைத் திருப்பித் தருமாறு கேட்டோம். வந்தவை வெறும் படங்கள்! வினா இல்லை, விடை இல்லை, சிவந்து காட்டிய அசையும் இல்லை. ஈராண்டு உழைப்பு அம்மேடையோடு பூட்டுண்டு போயிற்று. அந்நிறுவனத்தின்மேல் சினந்து பயனில்லை. பாடத்தை எவ்வடிவில் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்காதது எம் அறியாமை.

இவ்வறியாமை உலகுக்கு என்றோ நீங்கிவிட்டது. வானூர்தித் துறையினர் 1988-இலேயே இதற்கென ஒரு குழு அமைத்தனர். ஒவ்வோர் ஊர்திக்கும் ஒவ்வொரு பயிற்சிப் பொறி வாங்கிச் சலித்தவர்கள் அவர்கள். அமெரிக்கப் படைத்துறை 1997-இல் தொடங்கிய முயற்சியின் விளைவாகச் ‘சுகார்ம்’ என்னும் செந்தரம் பிறந்தது. அதன் கருத்து மிக எளிது. பாடத்தை ஒரே பொதியாகக் கட்டு. உள்ளே என்னென்ன உள்ளன, எது முன், எது பின் என்னும் பட்டியலைப் பொதியின் வாயிலில் வை. மாணாக்கன் எவ்விடத்தில் நிறுத்தினான், எத்துணை மதிப்பெண் பெற்றான், முடித்தானா இல்லையா என்பவற்றைப் பாடமும் மேடையும் தம்முள் பேசிக்கொள்ள, வரையறுத்த சொற்களையே ஆள். இவ்வளவே. இவ்வாறு கட்டிய பொதி, இச்செந்தரத்தை ஏற்ற எம்மேடையிலும் ஓடும். எம் யாப்புப் பயிற்சிகள் இவ்வாறு கட்டப்பட்டிருந்தால் மறுநாளே வேறிடத்தில் ஏறியிருக்கும்.

ஆனால் இங்கே தமிழன் கண்திறந்து பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. 2001-இல் வெளிவந்து இன்றளவும் பரவலாக வழங்கும் அதன் 1.2-ஆம் பதிப்பு, மாணாக்கரின் பெயர், குறிப்பு முதலியவற்றை ‘ஆசுக்கி’ எழுத்துகளால் ஆனவை என்றே வரையறுத்தது. ஆசுக்கி என்பது ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் அடங்கிய சிறு தொகுதி. அப்படியாயின், நம் பெண் ஒருத்தி தன் பெயரைத் தமிழில் எழுதினால், செந்தரத்தின் சொற்படி அது பெயரே அன்று! 2004-ஆம் ஆண்டுப் பதிப்புதான் உலக எழுத்துகள் அனைத்தையும் ஏற்றது. ஆனால் பள்ளிகளும் கல்லூரிகளும் விலையின்றி எடுத்தாளும் ‘மூடில்’ என்னும் ஆத்திரேலிய மேடை இன்றும் பழைய 1.2-ஐயே முழுமையாக ஏற்கிறது. அம்மேடை தானே நெகிழ்ந்து தமிழெழுத்தையும் உள்ளே விடுகிறது என்பது உண்மையே. உரிமையாகக் கிடைக்கவேண்டியது அருளாகக் கிடைக்கிறது என்பதுதான் என் வருத்தம். செந்தரம் வகுக்கும் மேசையில் நாம் இல்லையேல், நம் எழுத்து வாயிலில் நின்று அருளை எதிர்நோக்க வேண்டியதே.

இத்துன்பம் நமக்குப் புதிதன்று. எழுத்துருவுக்கொரு குறிமுறை என்றிருந்த நாளில், ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் திரையில் கிறுக்கலாய்த் தோன்றியதை மறந்தோமா? 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு குறிமுறைகளை வரையறுத்தது. தன்னார்வலர்கள் ‘திசுக்கி’ என்னும் குறிமுறையை வகுத்தனர். 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் ஏற்றது. (ஒருங்குறி நம் உயிர்மெய்யை ஓரெழுத்தாக மதியாதது பெருங்குறையே. அதனை வேறொரு நாள் எழுதுவேன்.) 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திசுக்கியில் ஏற்றியது, பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றியது. எவ்வாறு இயன்றது? திசுக்கியின் அட்டவணை எவரும் காண வெளியிடப்பட்டிருந்தது. எவ்வெண் எவ்வெழுத்து என்று தெரிந்திருந்தால் மாற்றுவது மென்பொருளின் வேலை. அட்டவணையை மறைத்து விற்ற எழுத்துருக்களில் தட்டச்சான நூல்கள் எத்தனையோ மீண்டும் தட்டச்சாக வேண்டியதாயிற்று.

2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுக்குறிகள் அச்சாகின்றன. அவற்றிற்கு அடிப்படையாய் நின்றது 2017-இல் இந்திய அரசு தொடங்கிய ‘தீட்சா’ மேடை. (பெயரே வடமொழி, போகட்டும்.) மேடை தில்லியினுடையதாயினும், பொதி நம் கையில் இருக்குமாயின் நாம் வேண்டும்போது வேறு மேடைக்குப் போகலாம். பொதி கையில் இல்லையேல் குறி மட்டும் தாளில் நிற்கும். எனவே, தமிழ்மக்கள் வரிப்பணத்தில் பாடம் செய்விக்கும் எத்துறையும் தன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: பாடம் திறந்த செந்தரப் பொதியாய், எழுத்துகள் படமாக அன்றி ஒருங்குறியில், மூலக்கோப்புகளோடு தரப்படவேண்டும், இரு வேறு மேடைகளில் ஓட்டிக் காட்டிய பின்னரே பணம்.

இது பள்ளிச் சிக்கல் மட்டுமன்று. இந்நகரியத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலுக்கு வருவோரை எண்ணுங்கள். ஓடும் பட்டையருகே எவ்வாறு நிற்பது, எப்போது மின்னை நிறுத்துவது என்பவற்றை அத்தொழிலாளி தமிழில் கற்றால்தான் உயிர் தப்பும். ஒப்பந்தக்காரர் மாறினால் அவர் கற்ற பதிவும் உடன்வர வேண்டாவா? 2013-இல் வெளிவந்த ‘எக்சு ஏ.பி.ஐ.’ என்னும் புதிய செந்தரம் இதற்கு வழிசெய்கிறது. கற்றதை மேடைக்கு வெளியே தனியிடத்தில் தொடர் தொடராக எழுதி வைக்கிறது. ஒவ்வொரு தொடரும் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் மூன்றால் ஆனது! இலக்கணம் பயிற்றுவோர்க்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன? அதிலும், வினைச்சொல் திரையில் எம்மொழியில் தோன்றவேண்டும் என்பதைப் பாடம் செய்வோரே குறிக்கலாம். தமிழுக்கும் இடம் திறந்தே உள்ளது.

ஒருவர் ‘முடித்தார்’ என்றும், மற்றவர் ‘நிறைவு செய்தார்’ என்றும், மூன்றாமவர் ஆங்கிலத்தையே தமிழெழுத்தில் பெயர்த்தும் எழுதினால் குழப்பம் பழைய எழுத்துருக் குழப்பமாகவே முடியும். இது கணினியர் வேலையன்று, புலவர் வேலை. எம் பள்ளியில் மாலைதோறும் யாப்புப் பயிற்சிகளை மீண்டும் பொதியாகக் கட்டி வருகிறோம். கூடவே ஒரு வினைச்சொற் பட்டியலும் எழுதுகிறோம். தொடங்கினார், முடித்தார், தேறினார் என்பவற்றில் கருத்து வேறுபாடில்லை. தேர்வில் மதிப்பெண் குறைந்தவரைக் குறிக்கும் சொல்லில்தான் இரண்டு கிழமையாக வழக்கு. ‘தோற்றார்’ என்கிறார் நண்பர். ‘தேறவில்லை’ என்பது என் கட்சி. மறுநாளும் எழுதவிருக்கும் பிள்ளையை எவ்வாறு தோற்றவன் என்பது?