உயிரோடிருக்கையிலே உதவுவோம்

எமது கிராமங்களில் ஒரு மரணம் நிகழ்ந்தால் மரண உதவிச் சங்கம் உடனே கூடிவிடுகின்றது. பந்தலும் கதிரைகளும் வந்துசேர்கின்றன. சந்தாவாகச் சேர்ந்த பணம் குடும்பத்தாரின் கையிற் கொடுக்கப்படுகின்றது. போற்றுதற்குரிய வழக்கமே இது. ஆனால், இறந்தவருக்கு இத்துணை ஒழுங்காகக் கடமையாற்றும் ஊர், அவர் தனித்து வாழ்ந்த காலத்தில் அவருக்கு யாது செய்தது?

1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கை மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012 இல் அது 12.4 ஆயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் இச்சுமை மேலும் கொடியது. 2009 இல் முடிவுற்ற போர் எத்தனையோ பெற்றாரிடமிருந்து பிள்ளைகளைப் பறித்துவிட்டது. கடல் கடந்து சென்ற பிள்ளைகள் பணம் அனுப்பலாம். காய்ச்சலிற் கிடக்கும் தாய்க்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க அவர்களால் இயலாது.

பெற்றாரைப் புறக்கணித்தலாகாதென்று 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளைப் பணிக்கின்றது. கிராமந்தோறும் முதியோர் சங்கங்களும் அமைக்கப்பட்டன. எனினும், ஒக்டோபர் 1 ஆம் திகதி பொன்னாடை போர்த்துவதோடு அவற்றின் பணி முடிந்துவிடுமாயின் பயன் என்ன?

ஆகவே நாம் கூறுவது இதுவே. 1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் தொட்டுச் சிறுகச் சேமித்து ஒருவர்க்கொருவர் உதவும் முறை எமது ஊர்களுக்குப் பழக்கமானது. அம்முறையிலே பத்து வீடுகள் ஒரு குழுவாகட்டும். வாரந்தோறும் சேரும் சிறு தொகை மருந்துக்கும் வைத்தியசாலைக்குச் செல்லும் வண்டிக் கூலிக்கும் உதவட்டும். தனித்திருப்போரின் வீட்டை முறைவைத்து நாள்தோறும் ஒருவர் எட்டிப் பார்க்கட்டும். கோழி வளர்க்கவோ பனையோலைப் பெட்டி இழைக்கவோ வல்லவருக்குச் சிறு கடன் கிடைக்கட்டும். அனைத்திற்கும் மேலாக, முதியவர்கள் உதவி பெறுவோராக மட்டுமன்றி, அங்கத்தவராகவும் கணக்கு வைப்போராகவும் அமரட்டும். மரண உதவிச் சங்கங்களே இப்பணிக்கெனத் தனி நிதியொன்றைத் தொடங்கலாம்.

இதனைக் காரணங்காட்டி அரசாங்கம் தன் பொறுப்பிலிருந்து நழுவ இடமளித்தலாகாது. முதியோர் கொடுப்பனவு சலுகையன்று. உழைத்து ஓய்ந்தவர்களின் உரிமை. அதனைத் தாமதமின்றி அவர்தம் கையிற் சேர்ப்பிக்குமாறு வற்புறுத்தும் வலிமையும் தனித்து நிற்கும் முதியவருக்கு இல்லை. ஒன்றுகூடிய குழுவுக்கே உண்டு.

சங்க நிர்வாகிகளே, அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துப் பேசுங்கள். இறுதிக் கிரியைக்குக் காட்டும் அக்கறையை ஒரு நேர உணவுக்கும் காட்டுவோமாக!