ஆயுள் முழுக்க உழைக்குமா சிர்கோனியா பல்?

பல் மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகளில் பல ஆண்டுகளாக மாறாமல் நிற்கும் வாசகம் ஒன்று உண்டு: தாடை எலும்பில் இம்பிளான்ட் வைத்து அதன்மேல் சிர்கோனியா கேப் போட்டுக்கொண்டால் ஆயுள் முழுக்கக் கவலையில்லை. சிர்கோனியா உடையாது, சொத்தை வராது, வாரண்டி அட்டை இருக்கிறது என்று மூன்று காரணம் சொல்கிறார்கள். சொத்தை வராதுதான், ஆனால் சுற்றியுள்ள ஈறு வீங்கும், எலும்பு கரையும். வாரண்டி பெரும்பாலும் லேபில் செய்த கேப்புக்கு மட்டுமே. கேப்பை இம்பிளான்ட்டோடு இணைக்கும் திருகும் எலும்பும் அந்த அட்டைக்குள் வருவதில்லை.

மிச்சமிருப்பது வலிமை. சிர்கோனியாவின் வளைவு வலிமை 900 மெகாபாஸ்கலுக்கும் மேல் என்கிறார்கள். அது ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டை வளைத்துப் பார்த்த கணக்கு. வாயில் நடப்பது வேறு. இயற்கைப் பல்லுக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கடிக்கும்போது அது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். அதிலுள்ள நரம்புகள் அழுத்தத்தை உடனே மூளைக்குச் சொல்லும். இம்பிளான்ட்டுக்கு அந்தப் படலமே இல்லை. எலும்போடு நேரடியாகப் பிணைவதுதான் அதன் சிறப்பு. அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. அழுத்தத்தை உணரும் திறன் பற்றிய 1995ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இயற்கைப் பல் சராசரியாகப் பதினொன்றரை கிராம் அழுத்தத்திலேயே உணர்ந்துகொண்டது. இம்பிளான்ட்டுக்கு 100 கிராம் தேவைப்பட்டது. சோற்றில் கல் கடிபட்டால் பல்லிலிருந்து வரும் எச்சரிக்கை இங்கே தாமதமாகத்தான் வரும். அதற்குள் முழு விசையும் இறங்கிவிடும். கேப் உடையாவிட்டால் அந்த விசை அதன் அடியிலுள்ள சின்னத் திருகைத் தேடிப் போகும்.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஒற்றை இம்பிளான்ட் கேப்புகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த மதிப்பீட்டின்படி, ஐந்து ஆண்டுகளில் அதிகம் நேர்ந்த இயந்திரக் கோளாறு திருகு தளர்வது: 8.8 சதவீதம். மேற்பூச்சுப் பீங்கான் பெயர்ந்தது 3.5 சதவீதம்தான். பத்தாண்டு முடிவில் எலும்பிலுள்ள இம்பிளான்ட்டுகளில் 95.2 சதவீதம் நின்றன. மேலே இருந்த கேப்புகளில் 89.4 சதவீதமே நின்றன. முதலில் போவது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

அந்தக் கணக்கில் பழைய உலோகப் பீங்கான் கேப்புகளும் சேர்ந்திருக்கின்றன, சிர்கோனியா அப்படியல்ல என்று மறுப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு 2018இல் வந்த தொகுப்பில், ஐந்து ஆண்டுகளில் உலோகப் பீங்கான் 98.3 சதவீதமும் சிர்கோனியா 97.6 சதவீதமும் நிலைத்தன. புதியது பழையதை முந்தவில்லை. பூச்சே இல்லாமல் ஒரே கட்டியாகக் கடைந்தெடுக்கும் சிர்கோனியாவில் பீங்கான் பெயராது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த வகை பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே 2009 வாக்கில். நாற்பது வயதுக்காரரின் மிச்ச ஆயுளுக்கு அதைவைத்து எப்படி உத்தரவாதம் தருவது? 1965இல் சுவீடனில் மருத்துவர் பிரோனெமார்க் பொருத்திய இம்பிளான்ட்டுகள் முதல் நோயாளிக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்ததை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அங்கே நிலைத்தது எலும்புக்குள் இருந்த டைட்டானியம். அப்போது சிர்கோனியா கேப்பே கிடையாது.

கேப்பை எதனால் செய்தார்கள் என்பதைவிட, எப்படிப் பொருத்தினார்கள் என்பதையே கேட்க வேண்டும். திருகி இறுக்கும் கேப்பில் மேலே ஒரு துளை இருக்கும். அதை டெஃப்லான் நாடாவும் பல்நிறப் பூச்சும் வைத்து அடைத்திருப்பார்கள். திருகு தளர்ந்தால் அடைப்பை எடுத்து மறுபடி இறுக்கலாம். சிமென்ட் வைத்து ஒட்டியதில் அந்த வசதி இல்லை. ஒட்டும்போது பிதுங்கிய சிமென்ட் ஈறுக்கடியில் தங்கினால் அழற்சியும் சேரும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், சிமென்ட்டால் கேப் ஒட்டி, அழற்சி கண்ட இம்பிளான்ட்டுகளில் 81 சதவீதத்தில் மிச்ச சிமென்ட் இருந்தது. அடியிலுள்ள திருகு தளர்ந்துவிட்டால், கேப் தானாகக் கழன்று வராதபோது, அந்த உடையாத சிர்கோனியாவையே வைரத்தூள் பதித்த பர் எனும் குடைமுனை கொண்டு குடைந்துதான் திருகை எட்ட வேண்டியிருக்கிறது.