பழைய கணிப்பொறி உறுப்பு வாணிகம்

பழம்பொருள் என்ற மாத்திரத்தே முகஞ்சுளிப்போர் நம்மவருட் பலர். புதுமனை, புத்தாடை, புதுநெல் என எதிலும் புதுமையையே மங்கலமாகக் கொண்ட சமூகத்தில் இஃது இயல்பே. ஆயினும் கரிசற்காட்டு வாழ்க்கையை உற்று நோக்குவார்க்கு மற்றோர் உண்மையும் புலப்படும். ஓட்டப்பிடாரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் மாட்டுவண்டி ஒன்று முறிந்தால், அதன் அச்சு வேறொரு வண்டிக்குப் போகும். இரும்புப் பட்டை கொல்லன் உலைக்குப் போகும். நுகத்தடி அடுத்த வீட்டுத் தொழுவத்திற்குப் போகும். வண்டி முழுவதையும் குப்பையென்று எறிந்தவர் ஒருவருமிலர். இன்று வண்டிகள் அருகிவிட்டன, கணிப்பொறிகள் பெருகிவிட்டன. அவற்றின் பிராசசர், மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் முதலிய உறுப்புக்களைப் பிரித்து விற்றலும் வாங்கலும் பெருந்தொழிலாகிவிட்டது. கற்றவர் அதனைக் காயலான் கடைச் சரக்கென்று ஒதுக்குகின்றனர். (இச்சொல் நம் ஜில்லாவிலுள்ள காயற்பட்டினத்து வணிகரின் பெயராற் பிறந்தது என்பர். அங்ஙனமாயின் ஒதுக்குவதற்கு நமக்கு இன்னும் உரிமை குறைவு.)

இவ்வாணிகத்தின் தமிழ்நாட்டுத் தலைநிலம் சென்னை அண்ணாசாலையை அடுத்த ரிச்சித் தெருவும் அதனோடு பிணைந்த நரசிங்கபுரம் தெருவும் ஆம். வானொலிப்பெட்டி உறுப்புக்கள் விற்ற இடத்திலேயே இன்று கணிப்பொறி உறுப்புக்கள் குவிந்துகிடக்கின்றன. அங்கு வரும் சரக்கின் ஊற்று எது? அலுவலகங்களும் வங்கிகளும் சில ஆண்டுகளுக்கொருமுறை யந்திரங்களை மாற்றும்பொழுது மொத்தமாக ஏலத்தில் விடுவன ஒரு பகுதி. பெருநிறுவனங்களின் சர்வர் கூடங்களிலிருந்து கழிக்கப்பட்டு, கடல் கடந்து வரும் ஜியான் பிராசசர்கள் மற்றொரு பகுதி. பிறந்தபொழுது பெருவிலை பெற்ற அவை, பத்தாண்டு கழிந்தபின் அற்ப விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றோடு, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவை நிறுத்திற்று. விண்டோஸ் 11ஓ, சில விலக்கு நீங்கலாக, 2017இல் வெளிவந்த இன்டெல் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட பிராசசர்களை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ யந்திரங்கள் ஓர் அறிவிப்பினாற் கிழடாயின. லினக்ஸ் இட்டால் அவை இன்னும் பல்லாண்டு உழைக்கும் என்பதைச் சொல்வார் சிலரே.

நம் பகுதியில் வேறோர் ஊற்றும் உண்டு. 2011ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு பள்ளி கல்லூரி மாணவர்க்கு லட்சக்கணக்கில் விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கிற்று. அவற்றுட் பல இன்று மின்கலம் ஓய்ந்தும், திரை உடைந்தும் பரண்மேல் உறங்குகின்றன. திரை உடைந்ததன் ராமும், மின்கலம் ஓய்ந்ததன் திரையும் சேர்ந்தால் ஒரு மாணவன் ஓராண்டு படிப்பான். இதைச் சேர்த்து வைக்கத் தெரிந்த கை ஊருக்கு ஒன்றேனும் இருத்தல் நன்று.

வாங்குவோர் யாவர் என்பதும் கருதத்தக்கது. கோவிற்பட்டித் தீப்பெட்டி ஆலையில் தாய் ஈட்டுங் கூலியிற் படிக்கும் பிள்ளை, புதுக் கணிப்பொறிக்கு எங்ஙனம் போவான்? 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் பெருவேட்கையால் புது ராமின் விலை வானோக்கி எழுந்தது. அப்பொழுது பழைய ராமுக்கும் கிராக்கி உண்டாயிற்று. ஆகவே இவ்வாணிகம் பொழுதுபோக்கன்று. பலர்க்கு இதுவே கல்வியின் வாயில்.

நிற்க. எவ்வுறுப்பு முதுமையடையும், எது அடையாது என்பதை அறியாமல் பழையதெல்லாம் தீது என்பதும், பழையதெல்லாம் நன்று என்பதும் ஒருங்கே பிழை. பிராசசர் எளிதில் மூப்பதன்று. அளவுக்கு மீறிய மின்னழுத்தமும் வெப்பமும் ஊட்டாதவரை, உடன் வேலைசெய்த மற்ற உறுப்புக்களெல்லாம் மாண்டபின்னும் அது பிழைத்திருக்கும். அதன் இடர் வேறு. முன்னாளில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருந்தன. 2004இல் இன்டெல் நிறுவனம் தன் மேசைக் கணிப்பொறிப் பிராசசர்களில் அவற்றை நீக்கி, மதர்போர்டின் குழிக்குள் வைத்தது. ஏஎம்டி நிறுவனத்தின் பொதுவகைப் பிராசசர்கள் 2022இல் ஏஎம்5 வரும்வரை ஊசியுடனேயே இருந்தன. ஆதலால் ஒன்றில் பிராசசரின் அடியையும், மற்றொன்றில் போர்டின் குழியையும் பார்த்து வாங்கவேண்டும். தலைகீழாகப் பார்த்துவிட்டுத் திருப்தியடைவோர் மிகுதி.

மதர்போர்டின் கதை அன்னதன்று. அதன் மின்தேக்கிகள் வெப்பத்தால் உலரும், உப்பும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிற் குறைபாடுள்ள மின்தேக்கிகள் உலகெங்கும் பரவி, எண்ணிறந்த போர்டுகளைச் சாகடித்தது பலர் நினைவிலிருக்கும். நம் நாட்டிலோ கரிசற் புழுதி ஒருபுறம்; தூத்துக்குடிக் கடற்காற்றின் உப்பு மற்றொருபுறம். இரண்டும் போர்டின் பகைவர். ஹார்ட் டிஸ்க் எனின், சுழலும் உறுப்புடைமையால், அது வண்டியச்சைப் போலத் தேய்வது திண்ணம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று தன்னுள்ளேயே அது கணக்கெழுதி வைத்துக்கொள்ளும்.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தையை நம்மவர் அறிவர். ஆடாயினும் மாடாயினும் வாங்குவோன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். இரண்டு பல்லா, நான்கு பல்லா, ஆறு பல்லா என்பது இருவர்க்கும் வெளிப்படை. மாட்டுத்தரகர் துண்டால் மறைத்து விரல் பிடித்துப் பேசுவது விலையைத்தான். மாட்டின் வயதை எந்தத் துண்டாலும் மறைத்தல் இயலாது. பழைய உறுப்புச் சந்தையில் இம்முறை தலைகீழாயிற்று. விலை வெட்டவெளிச்சம், பொருளின் வரலாறே துண்டுக்குள் மறைந்துகிடக்கிறது. கைப்பிடியளவான போர்டுக்குப் பல் ஏது?

இதனால் விளையுங் கேட்டை ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970இல் பழைய மோட்டார் வண்டிகளை எடுத்துக்காட்டி விளக்கினார். விற்போனுக்குத் தெரிந்தது வாங்குவோனுக்குத் தெரியாதாயின், வாங்குவோன் எதையும் ஐயுற்று நடுத்தர விலையே தருவான். அவ்விலை நல்ல வண்டியுடையானுக்குக் கட்டாது; அவன் சந்தையை விட்டு விலகுவான். மிஞ்சுவன சொத்தை வண்டிகளே. ஐயம் பின்னும் மிகும், விலை பின்னும் இறங்கும். இவ்வாராய்ச்சியையும் கருதி 2001இல் அவர்க்கு நோபெற் பரிசு பங்கிட்டு வழங்கப்பட்டது. நம் ஆட்டுச்சந்தைக்காரர் பரிசு கேளாமலே அறிந்திருந்த விஷயம்.

இது வெறுங் கற்பனையன்று. 1990களில் வேகங் குறைந்த பிராசசரின் மேலெழுத்தை அழித்து, வேகம் மிக்கதன் பெயரைப் பொறித்து விற்றனர். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் எதீரியம் என்னும் மின்நாணயம் தன் கணக்கீட்டு முறையை மாற்றியதும், இரவு பகலாய் ஓடிய கிராபிக்ஸ் கார்டுகள் பழஞ்சந்தையிற் கொட்டப்பட்டன. அவை யாவும் கெட்டவை அல்ல. ஆனால் ‘வீட்டில் சிறிது விளையாடியது’ என்ற பொய்யோடு விற்றதே குற்றம். 2025 தொடக்கத்தில் ஜெர்மனி முதலிய நாடுகளில், பல்லாயிரம் மணி ஓடிய சீகேட் டிஸ்குகளின் மணிக்கணக்கை இடைத்தரகர் அழித்துப் புதியனவென்றே விற்றமை வெளியாயிற்று. மேற்கணக்கை அழித்தவர்க்கு டிஸ்கின் உள்ளே மற்றொரு கணக்கும் இருப்பது தெரியவில்லை. பல்லை அராவியவன் கொம்பின் வளையத்தை மறந்தான் என்க.

ஒரு மாணவனின் சில ஆயிரம் ரூபாயோடு இந்நட்டம் முடிவதாயின் இத்துணை விரித்துரைக்க வேண்டுவதில்லை. போர்டைப் போர்டாக வாங்க ஆளில்லாதவிடத்து அது நிறுத்து விற்கப்படும். ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்ற கூவல் நாம் கேட்டதே. எடைக்குப் போன போர்டு எங்கே செல்லும்? டெல்லியின் சீலம்பூரிலும், மொராதாபாத்தில் ராமகங்கைக் கரையிலும், எளியோர் வெறுங்கையோடு போர்டுகளை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் செம்பும் பொன்னும் பிரித்த வரலாறு உலகறிந்தது. ஈயமும் நச்சுப்புகையும் அவர்தம் மக்களின் நெஞ்சிலே படிந்தன. 2022ஆம் ஆண்டில் உலகில் விளைந்த மின்குப்பை 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகக் கணக்கிலுள்ளது 22.3 சதவீதமே என்றும் ஐக்கிய நாட்டு அறிக்கை கூறும். ஒரு போர்டு மற்றோர் ஐந்தாண்டு ஓடுமாயின் அவ்வைந்தாண்டும் அது அமிலத் தொட்டியை அணுகாது. எனவே பழைய உறுப்பு விற்போனது வாய்மை நாணயத்தின் பாற்பட்டது மட்டுமன்று, எங்கோ ஒரு குழந்தையின் மூச்சின் பாற்பட்டதுமாம்.

சட்டம் யாது செய்கிறது? 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் புதுப்பிப்போரும் மறுசுழற்சி செய்வோரும் பதிவு செய்யவேண்டுமென்கின்றன. நல்லதே. ஆனால் மேசைமேல் நான்கு போர்டு வைத்து விற்குஞ் சிறுகடைக்காரன் வாங்குவோனிடம் என்ன சொல்லவேண்டும் என்பதற்கு அவற்றில் விடையில்லை. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பொதுவாகத் தரத்திற்கு மறைமுக உறுதி எதுவுமில்லை என்று தொடங்குகிறது. விலக்குகளும் கூறுகிறது: வாங்குவோன் தன் நோக்கத்தை வெளிப்படுத்தி, அச்சரக்கையே தொழிலாக விற்போனுடைய திறமையை நம்பி வாங்கினானாயின், பொருள் பெரும்பாலும் அந்நோக்கத்திற்குத் தகுதியுடையதாதல் வேண்டும். இதனை அறிந்த மாணவர் எத்துணையர்? ‘இந்த வேலைக்கு வேண்டும்’ என்று சொல்லி, அதையே ரசீதில் எழுதுவித்தல் ஒரு பைசாச் செலவில்லாத காவல்.

ஆகவே என் கருத்து இதுவே: ஒவ்வோர் உறுப்பையும் ஒரு சிறு சீட்டோடு விற்கவேண்டும். எவ்வகைப் பொருள், எங்கிருந்து வந்தது, பழுதுபார்க்கப்பட்டதா, டிஸ்காயின் எத்தனை மணி ஓடியது, பழைய உடைமையாளனின் கோப்புக்கள் முற்றும் அழிக்கப்பட்டனவா, எத்தனை நாளைக்குள் திருப்பலாம் என்பன அதிலிருத்தல் போதும். ‘ஏலத்தில் நூறு யந்திரம் மொத்தமாக வாங்குகிறோம், ஒவ்வொன்றின் சரிதையும் யாமெங்ஙனம் அறிவோம்?’ என்பர் வணிகர். நியாயமே. அறியாததை ‘அறியோம்’ என்று எழுதட்டும். அதுவும் ஒரு செய்திதான். எழுதாமல் விடுவதைவிட அது நூறு மடங்கு நேர்மை. பில் எழுதினால் வரி ஏறும் என்பது இரண்டாவது தடை. இது பெரும்பாலும் வீண் அச்சம். பழம்பொருள் வணிகர், வாங்கும்போது செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளாராயின், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் மேலேயே சரக்கு சேவை வரி கணக்கிட 2017ஆம் ஆண்டு விதிகளின் 32ஆம் விதி இடந்தருகிறது. மூன்றாவதாக, ஏழை மாணவன் சீட்டைக் கேளான், குறைந்த விலையையே கேட்பான் என்பர். இத்தடைக்கு மட்டும் வணிகரிடத்தே மருந்தில்லை. அது நம் போன்ற கல்லூரிகளின் பால் உள்ளது.

கணிப்பொறித் துறையும் பௌதிகத் துறையும் கொண்ட கல்லூரி ஒன்று, மாதம் ஒரு சனிக்கிழமை தன் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவைத்தால் என்ன? நல்ல பவர் சப்ளை ஒன்று, திரை ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, இரண்டு மூன்று வகைப் போர்டுகள் இருந்தாற் போதும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போன்ற நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓரிரவு ஓடவிட்டால் மறைந்த பிழை காலையில் திரைமேல் நிற்கும். பிராசசரை முழுவேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி வெப்பத்தை அளக்கலாம். டிஸ்கின் மணிக்கணக்கைப் படிக்க ஒரு நிமிடம் போதும். இரண்டாமாண்டு மாணவர் இதைச் செய்யவல்லர். செய்தாற் பாடமும் படியும். கண்டதைக் கண்டவாறு சீட்டில் எழுதி, கல்லூரியின் பெயரை இடாது சோதித்தவன் பெயரையும் தேதியையும் மட்டும் இட்டுத் தரட்டும். ஓட்டப்பிடாரத்திலிருந்தோ புதியம்புத்தூரிலிருந்தோ பஸ் ஏறி வரும் பையன், ரிச்சித் தெருவில் உறவினர் வாங்கியனுப்பிய போர்டைப் பையிலிட்டு அங்கே கொண்டுவருவான். திருப்பக்கூடிய நாட்கள் கழிவதற்குமுன் அவன் வரவேண்டும் என்பதனால், மாதம் ஒருமுறை என்பதைப் பின்னர் வாரம் ஒருமுறையாக மாற்ற நேரினும் நேரும்.