குரலுக்கு வரும் பூமா

அமெரிக்காவில், நாய்களை ஏவிப் பூமா என்னும் பெரும்பூனையை வேட்டையாடுவதை ஓரிகன் மக்கள் 1994-லும் வாஷிங்டன் மாநிலத்தார் 1996-லும் வாக்களித்துத் தடுத்தார்கள். நாய் போனதும் குரல் வேட்டைக்கு மவுசு கூடியது. அடிபட்ட மான்குட்டி அலறுவதுபோல ஊதலில் ஊதிவிட்டு, பாறையில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார வேண்டும். சிறு ஓநாய் போன்ற கயோட்டி என்றால் சில நிமிடங்களில் ஓடிவந்துவிடும். பூமாவோ பதுங்கிப் பதுங்கி வர ஒரு மணி நேரம்கூட ஆகும். இதுதான் நேர்மையான வேட்டை என்கிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. நாய்கள் துரத்தி மரத்திலேற்றிய பூமாவை ஆணா பெண்ணா என்று நிதானமாகப் பார்க்கலாம். குரலுக்கு வந்து நிற்பது, குட்டிகளைப் புதரில் மறைத்துவிட்டு இரைதேடி வந்த தாயா என்று சில விநாடிகளில் எப்படித் தெரியும்? உடலில் புள்ளி மறையாத குட்டிகளோடு இருக்கும் தாயைச் சுடுவது அங்கே குற்றம். சந்தேகம் வந்தால் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள், ஐயா.