வீடியோ சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ்

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். ‘ஆர்.ஏ.சி.’ன்னா என்னன்னு எந்த வாத்தியாரும் சொல்லித் தரலை. குறைஞ்ச செலவுல ஊர் சுத்துற பசங்களோட வீடியோவிலதான் தெரிஞ்சுக்கிட்டேன்: ரயில்ல ஏறலாம், சைடு லோயர்ல இன்னொருத்தரோட சேர்ந்து உட்கார்ந்து போகலாம். 2023 ஜூன்ல போடிக்கு மறுபடி ரயில் வந்தப்போ, சென்னையில இருக்கிற மகளைப் பார்க்கப் போக அந்த ஒரு சொல்தான் கைகொடுத்தது. டார்மிட்டரி, செக்-அவுட் எல்லாம் அப்படி வந்ததுதான். தேவை வந்தா சொல் தானா ஒட்டிக்கும்.

ஆனா சித்திரையில வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வீடியோக்களைப் பார்த்தா மனசு உறுத்துது. அக்கினிச்சட்டி ‘ஃபயர் பாட்’ ஆயிருச்சு. கண் கண்ணாத் துளை போட்ட ஆயிரங்கண் பானை வெறும் ‘பாட்’. மகள் வீட்டுப் பேரன் கேட்கிறான், “தாத்தா, அந்த ஃபயர் பாட் சுடாதா?” அவனுக்குப் பதிலைவிட முதல்ல பேரைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

கேமராவோட வர்ற தம்பிகளா, இங்கிலீஷ்ல சொல்லுங்க, வேணாங்கலை. கூடவே எங்க ஊர்ப் பேரையும் ஒரு தடவை சொல்லிருங்க. உங்ககிட்ட நாங்க நாலு சொல் கத்துக்கிட்டோம். நீங்களும் இங்கிருந்து ரெண்டு எடுத்துட்டுப் போகணுமா இல்லையா?