சிறுநீர்ப் போத்தலில் மனதைத் தேடியபோது



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் சீனி நோய்க்கான குருதிப் பரிசோதனை பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த சகோதரி ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "சீனியைக் குருதியில் அளக்கிறீர்கள். மனச்சோர்வையும் அப்படி அளக்க முடியாதா? மூளையில் என்ன குறைகிறது என்று சிறுநீரைப் பார்த்தே சொல்கிறார்களாமே?"

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் எழுதிவிடலாம். ஆனால் எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அதில் பிழைவிட்டவள் நான். என் தங்கச்சியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க ராத்தா, பேர மட்டும் போடாதீங்க" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

நான் புல்மோட்டையில் பிறந்து வளர்ந்தவள். இருபது வருடத்துக்கு மேலாக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். குருதி, சிறுநீர், சளி என்று எத்தனையோ ஆயிரம் மாதிரிகள் என் கையால் போயிருக்கின்றன. அந்த அனுபவம் தந்த மிதப்புத்தான் என்னை ஏமாற்றியது என்று இப்போது நினைக்கிறேன்.

தங்கச்சிக்கு இரண்டாவது குழந்தை பிறந்து மூன்றாவது கிழமை. பிள்ளை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கமில்லை. கண்ணீர் தானாக வடியும். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். பிள்ளை அழுதால் தூக்குவாள், பால் கொடுப்பாள். ஆனால் அதன் முகத்தைப் பார்க்கமாட்டாள். உம்மா "பச்சை உடம்பு, சரியாப் போகும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிரசவித்த முதல் சில நாட்களில் பல தாய்மாருக்கு அழுகை வருவது வழக்கம். அது இரண்டு கிழமைக்குள் தானாகவே மாறிவிடும். இவளுக்கு மாறவில்லை.

மச்சான் கட்டாரில் வேலை. தொலைபேசியில் ஏதோ விளம்பரம் பார்த்துவிட்டு எனக்கு அழைத்தார். "மதினி, வீட்டிலேயே சிறுநீர் எடுத்து அனுப்பினா மூளையில என்ன குறையிதெண்டு சொல்றாங்களாம். நீங்க லெப்பில இருக்கிறவங்க தானே, கொஞ்சம் எடுத்து அனுப்பி விடுங்களேன்." அவருடைய அரை மாதச் சம்பளம் அதற்குப் போயிற்று. பெட்டி வந்தது. மாதிரியை எடுத்துப் பொதிசெய்து அனுப்பியவள் நான்தான். வைத்தியரிடம் கூட்டிப் போவதை, "முடிவு வரட்டும், அதோடு போவோம்" என்று தள்ளிப்போட்டவளும் நான்தான்.

முடிவு வர இருபத்திரண்டு நாள் எடுத்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அழகான கோடுகள். செரட்டோனின் குறைவு, டொபமைன் கூட என்று இருந்தது. அடுத்த பக்கத்திலேயே அதைச் சரிசெய்யும் குளிசைகளின் பட்டியலும் விலையும். விற்பதும் அதே கம்பனி. அந்த இடத்தில்தான் எனக்கு முதல் தடவையாகச் சுருக்கென்றது. பரிசோதிக்கிறவரே மருந்தும் விற்றால், "உங்களுக்கு ஒன்றும் குறையில்லை" என்ற முடிவு யாருக்காவது வருமா?

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம்முடைய நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. ஒரு கலம் மற்றதற்குச் சேதி சொல்ல, அந்த இடைவெளியில் ஓர் இரசாயனத்தைச் சிந்துகிறது. இதைத்தான் நரம்புக் கடத்தி என்கிறோம். செரட்டோனின், டொபமைன், அசற்றைல்கோலின் எல்லாம் இந்த வகை. இப்படி ஒன்று இருப்பதை 1921இல் ஒட்டோ லூவி என்ற விஞ்ஞானி காட்டியதே ஒரு திரவத்தை வைத்துத்தான். ஒரு தவளையின் இதயத்தை நரம்பு வழியே தூண்டி மெதுவாக்கினார். அந்த இதயம் இருந்த நீரை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகியது! சேதி நீரில் கரைந்து வந்திருந்தது. அவருக்கும் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

"அப்படியானால் சிறுநீரிலும் சேதி கரைந்து வரும்தானே?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் லூவி எடுத்த நீர் அந்த இதயத்தை மட்டும் தொட்ட நீர். சிறுநீர் உடம்பு முழுவதையும் சுற்றி வந்த நீர்.

எங்கள் ஊருக்கு வடக்கே கொக்கிளாய்க் களப்பு இருக்கிறது. களப்பு கடலோடு சேரும் வாயில் ஒரு போத்தல் நீர் அள்ளி, உள்ளே எங்கோ ஒரு வளவுக் கிணற்றில் உப்பு எவ்வளவு என்று சொல்ல முடியுமா? போத்தலில் உப்பு இருக்கிறதுதான். அளந்தால் சரியான எண்ணும் வரும். ஆனால் அது அந்தக் கிணற்று உப்பு அல்ல, கடலின் உப்பு.

செரட்டோனினும் இப்படித்தான். உடம்பிலுள்ள செரட்டோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குடலில் இருக்கிறது. குருதியில் இருப்பது பெரும்பாலும் குருதிச் சிறுதட்டுகளுக்குள். மூளைக்கும் குருதிக்கும் நடுவே இறுக்கமான ஒரு தடுப்பு உண்டு. செரட்டோனினும் டொபமைனும் அதைத் தாண்டுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. சிறுநீரில் வரும் டொபமைனின் பெரும்பங்கோ சிறுநீரகமே செய்தது. ஆக, தங்கச்சியின் முடிவில் இருந்த எண்கள் அவள் குடலையும் சிறுநீரகத்தையும் பற்றிப் பேசின. அவள் மனதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எண் சரியாகவே இருந்திருக்கலாம். கேள்விதான் பிழை.

மூளைக்குப் பக்கத்தில் இருக்கும் திரவம் ஒன்று உண்டு. மூளையையும் முண்ணாணையும் சுற்றி ஓடும் நீர். முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி ஏற்றி அதை எடுக்கும் முறையை ஜேர்மனியில் குவிங்க் என்ற வைத்தியர் 1891இல் தொடங்கினார். 1976இல் சுவீடனில் மரீ ஓஸ்பெரி என்ற மனநல வைத்தியரும் அவரோடு இருந்தவர்களும், கடும் மனச்சோர்வுள்ளவர்களின் இந்த நீரில் செரட்டோனின் உடைந்து வரும் பொருளை அளந்தார்கள். அது குறைவாக இருந்தவர்களிடையே உயிரை மாய்க்கும் முயற்சி கூடுதலாக இருந்தது. ஆனால் அது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. தனி ஒருவருக்கு மனச்சோர்வு உண்டா இல்லையா என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது. பிறப்பிலேயே நரம்புக் கடத்திகளை உண்டாக்க முடியாத அரிய நோயுள்ள குழந்தைகளுக்கு மட்டும் இன்றும் இந்த நீரை எடுத்து, உடனே உறையவைத்து அளக்கிறார்கள்.

செரட்டோனின் குறைவதுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்ற கருத்தே இன்று அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2022இல் லண்டனிலிருந்து வந்த கட்டுரை, அதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்றது. அதனால் மருந்து வேலை செய்யாது என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். பனடோல் தலையிடியைக் குறைக்கிறது. அதற்காக உடம்பில் பனடோல் குறைந்ததால்தான் தலையிடி வந்தது என்பதா?

இதைக் கேட்டுவிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனையே வீண் என்று முடிவுகட்டவும் வேண்டாம். செரட்டோனினைச் சுரக்கும் ஒருவகைக் கட்டி குடலில் வருவதுண்டு. அதைச் சந்தேகித்தால் இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துத்தான் பார்ப்போம். அந்த நாட்களில் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி சாப்பிட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புவோம். சாப்பாடே முடிவை மாற்றிவிடும். சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியில் கட்டி வந்து பிறசர் ஏறுகிறதா என்று பார்க்கவும் இதுபோன்ற பரிசோதனை உண்டு. இவை கட்டியைத் தேடுவன. கவலையைத் தேடுவன அல்ல.

நம் நாட்டு உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். பூச்சிநாசினி நஞ்சு உடலுக்குள் போனால், அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியம் முடங்குகிறது. நரம்பின் சேதி அடங்காமல் மூச்சுத் தசைகள் களைத்துப்போகின்றன. முதல் நாள் தேறியவர் போலத் தெரிபவருக்கு ஒன்றிரண்டு நாளில் மீண்டும் மூச்சு நின்றுபோகும் ஆபத்தை 1987இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் பேராதனையைச் சேர்ந்த வைத்தியர்கள் நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகியோர். இந்த நஞ்சில் குருதிப் பரிசோதனை உதவுகிறது. ஏனென்றால் நரம்பிலுள்ள அதே நொதியம் செங்குருதிக் கலத்திலும் இருக்கிறது. நஞ்சு இரண்டையும் ஒன்றாகவே தாக்குகிறது. ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க அங்கே நியாயம் உண்டு. சிறுநீர்ச் செரட்டோனினுக்கு அந்த நியாயம் இல்லை.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். முடிவு வந்து இரண்டாம் நாள் குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையைப் பார்க்க வந்தார். குழந்தைக்கு ஆறு கிழமை. அவர் கையில் போத்தலும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு தாள் மட்டும் இருந்தது. அதில் பத்துக் கேள்விகள். 1987இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் உருவாக்கி, இன்று உலகெங்கும் பிரசவித்த தாய்மாரிடம் கேட்கும் கேள்விகள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் வராத அளவுக்குக் கவலையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வந்திருக்கு. நிறைய நாளா."

இருபத்திரண்டு நாளும் நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன், சகோதரிகளே. போத்தலை அனுப்பினேன். பொதி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தினமும் பார்த்தேன். அவளிடம் ஒருநாளும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நானே கொடுத்துவிடுவேனோ என்ற பயம். அது வீண் பயம். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை. மனம் திறக்க வழிதான் பிறக்கிறது.

அந்த இரவு அவளைத் தனியே விடவில்லை. அடுத்த நாள் விடியவே வாகனம் பிடித்துத் திருகோணமலைக்குப் போனோம். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். வைத்தியர் நீண்ட நேரம் அவளோடு தனியே பேசினார். பிறகு குருதி எடுக்கச் சொன்னார். செரட்டோனின் பார்க்க அல்ல. ஹீமோகுளோபினும் தைரொயிட்டும் பார்க்க. குருதிச்சோகையும், பிரசவத்தின் பின் வரும் தைரொயிட் கோளாறும் சோர்வைத் தரக்கூடியவை. அவை இருந்தால் அவற்றுக்கு மருந்து வேறு. தங்கச்சிக்குக் குருதிச்சோகை கொஞ்சம் இருந்தது, தைரொயிட் சரியாக இருந்தது. பாலூட்டும் தாய்க்குப் பொருத்தமான மாத்திரை எழுதினார்.

அந்தக் கம்பனியின் பட்டியலையும் வெட்கத்தோடு நீட்டினேன். வாசித்துவிட்டு, "இதை இந்த மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டாம்" என்றார். செரட்டோனினைக் கூட்டும் இரண்டு பொருட்களை ஒன்றாக எடுத்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று உயிராபத்துவரை போகலாம். அந்தப் பெட்டியை மச்சான் வாங்கி அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. சில கிழமைகள் எடுத்தது. இரவில் பிள்ளையை உம்மாவும் நானும் மாறி மாறிப் பார்த்தோம், அவள் தூங்கினாள். மச்சான் விடுமுறை எடுத்து வந்து இரண்டு மாதம் நின்றார். ஒருநாள் பின்னேரம் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள், "இவனுக்கு வாப்பாட மூக்கு, பாத்தீங்களா ராத்தா?" என்றாள். அதுதான் எனக்கு வந்த பரிசோதனை முடிவு.

சகோதரிகளே, புதிதாக ஒரு பரிசோதனையை யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த எண் உடம்பின் எந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறது? முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா? முடிவு சொல்கிறவரே மருந்தும் விற்கிறாரா? இன்றைக்குச் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ குருதியிலோ மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை. நாளைக்கு வரலாம். அதுவரைக்கும் உட்கார்ந்து கேட்பதுதான் பரிசோதனை.

உங்கள் வீட்டில் பிரசவித்த பெண் இரண்டு கிழமைக்கு மேல் அழுதுகொண்டே இருந்தால், தூங்காவிட்டால், பிள்ளையைப் பார்க்காவிட்டால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். உயிர் வேண்டாம் என்று பேசினால் அவரைத் தனியே விடாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். என்னைப்போல் இருபத்திரண்டு நாள் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த மாதம் குருதிச்சோகை பற்றி எழுதுகிறேன். உங்கள் கேள்விகளை அனுப்புங்கள்.