யாளி ஆணா, பெண்ணா?

திருமங்கலத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் மதுரைக்குப் போனவர்களில், மீனாட்சி கோவில் ஆயிரங்கால் மண்டபத்து யாளியைப் பார்க்காதவர்கள் சிலரே இருப்பார்கள். சிங்கத்தின் உடலும் பிடரியும், யானையின் துதிக்கையும் தந்தமும் சேர்த்துச் சிற்பி செய்த கற்பனை மிருகம் அது. அது ஆணா, பெண்ணா என்று கேட்டால், “இதென்ன கேள்வி? ஆண்தான்” என்பார்கள். காரணம் கேட்டால், பிடரியும் தந்தமும் ஆணுக்குத்தானே என்பார்கள்.

வாஸ்தவம். சிங்கத்தில் பிடரி ஆணுக்கே. நம் நாட்டு யானையில் நீண்ட தந்தமும் ஆணுக்கே. ஆனால் உலகத்திலேயே இல்லாத மிருகத்திற்கு ஆண் ஏது, பெண் ஏது? யாளி குட்டி போட்டதை யாராவது கண்டதுண்டா?

அதே கோவில்களில் காமதேனுவைப் பாருங்கள். பெண் முகம், பெண் மார்பு, பசுவின் மடி. பின்னால் மயில் தோகை! தோகை ஆண் மயிலுக்கே உண்டென்பது மாடு மேய்க்கும் பையனுக்கும் தெரியும். பிடரியைக் கொண்டு யாளியை ஆண் என்கின்றவர்கள், தோகையைக் கொண்டு காமதேனுவைக் காளை என்பார்களா?

பண்டிதர்களின் சங்கதியோ இதைவிட வேடிக்கை. தொல்காப்பிய மரபியல், பறவைகளில் ஆணைச் சேவல் எனலாம் என்று சொல்லி, மயிலுக்கு மாத்திரம் விலக்குச் செய்கின்றது. தோகையுடைய மயில் பெண்ணின் சாயலாய் இருப்பதே காரணம் என்று உரைகாரர் சொல்லுகின்றார். ஆணுக்கு முளைத்த தோகையே அதன் ஆண்தன்மையைப் பறித்துவிட்டது! பெண்ணுக்குத் ‘தோகை’ என்றே பெயரும் வைத்தார்கள். அதாவது, பயங்கரமாயிருந்தால் ஆண், அழகாயிருந்தால் பெண் என்பது மனிதனுடைய அபிப்பிராயமேயொழிய, மிருகத்தினுடைய யோக்கியதை அல்ல.

இயற்கை அப்படி ஒரே சட்டம் வைத்திருக்கவில்லை. ஆண் மயிலின் தோகை, பெட்டைகள் அழகிய ஆணைத் தேர்ந்தெடுத்ததால் தலைமுறை தலைமுறையாய் வளர்ந்ததென்று டார்வின் 1871-ல் எழுதினார். அப்படியானால் அங்கே தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாருக்கு? கண்மாய்க் கரைகளில் வாழும் மயிலுள்ளானில் பெண்ணுக்கே நிறம் அதிகம். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண். வல்லூறில் பெண்ணே பெரியது. காக்கையிலோ ஆண் எது, பெண் எது என்று நம் கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். பெண்ணை மேல்படிப்புக்கு அனுப்பு என்றால், “சிங்கத்தைப் பார், யானையைப் பார், இயற்கையே ஆணை உயர்த்தி வைத்திருக்கிறது” என்று நியாயம் பேசுகின்றவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் இந்தியா முழுமைக்கும் சட்டமான பிறகும், அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடு என்று அவளை நெருக்குகின்ற வீடுகள் இல்லையா? அங்கேயும் இதே சிங்கமும் யானையும்தான் சாட்சி. மயிலுள்ளானைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் இவர்கள் ஒப்புவார்களா என்று கேட்கின்றோம். தங்களுக்குச் சாதகமான மிருகத்தை மாத்திரம் இயற்கை என்பது என்ன யோக்கியம்?

தோழர்களே! யாளி ஆணானதும் காமதேனு பெண்ணானதும் மனிதன் செய்த ஏற்பாடு. பெண் தாழ்ந்தவள் என்பதும் அப்படிப்பட்ட ஏற்பாடே. இனி மண்டபத்தில் உங்கள் பெண் குழந்தை, “இது ஆணா, பெண்ணா?” என்று கேட்டால், “இரண்டுமில்லை அம்மா, இது மனிதன் செய்த கல்” என்று உண்மையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவளுடைய பங்கையும் படிப்பையும் குறையாமல் கொடுங்கள்.